பதினேழாம் கேள்வி

திருத்துறைப்பூண்டியில் விடைத்தாள் திருத்தும் அறையில்
மின்விசிறி ஒன்றுதான் ஓடியது.
தாள் பறக்காமலிருக்க
ஆளுக்கொரு செங்கல் துண்டு கொடுத்திருந்தார்கள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆயிரத்து எண்ணூறு பேர்.
மாவட்டத்தின் மிகுதிறன் பள்ளியில் இடம் நாற்பது.
தாளில் பெயர் இல்லை, ஊர் இல்லை, சாதி இல்லை,
எண் மட்டும்.
நியாயத்துக்குக் கண்ணைக் கட்டியாயிற்று என்றார்
காலையில் பேசிய அதிகாரி.
நாங்களும் கைதட்டினோம்.

பதினேழாம் கேள்வி:
பொருந்தாததை வட்டமிடு.
நத்தை, நண்டு, மீன், தவளை.
கீழே காரணம் எழுத ஒரு புள்ளிக்கோடு.
கோட்டுக்கு மதிப்பெண் கிடையாது,
சும்மா ஒரு மரியாதைக்கு.

விடைக்குறிப்பில் மீன்.
மற்ற மூன்றும் கரையேறும், மீன் ஏறாது.
என் கட்டில் முதல் இருபது தாளும் மீன்.
ஏழெட்டில் காரணமும் ஒரே வாக்கியம்,
ஒரே எழுத்துப்பிழையோடு.
பயிற்சி மையக் கையேட்டின் பிழை அது.

417 நண்டை வட்டமிட்டிருந்தது.
பென்சிலை எச்சில் தொட்டு எழுதிய கறுப்பில்:
"நண்டுதான் வரப்புல ஓட்டை போடும்.
ராத்திரி வச்ச தண்ணி காலையில அடுத்த வயல்ல நிக்கும்.
மத்தது மூணும் ஒண்ணும் பண்ணாது."

சிவப்புப் பேனா நின்றுவிட்டது.
கணக்கு டீச்சர் நான். மன்னார்குடியில் மாடிவீடு.
வரப்பில் நடக்க நேர்ந்தால்
செருப்பைக் கையில் எடுத்துக்கொள்பவள்.

தலைமைத் திருத்துநர் பக்கிரிசாமியிடம் கொண்டுபோனேன்.
அவர் போனில் இருந்தார்.
"நண்டு வளைதாண்டா, வேற என்ன இருக்கப்போவுது.
வாய்க்கா பக்கம் பாரு. மண்ணை வச்சு நல்லா மிதி.
முறை முடியறதுக்குள்ள நம்ம தண்ணி பூரா
அவன் வயலுக்குப் போயிடும்."
போனை வைத்தார். தாளைப் படித்தார்.
சிரித்தார்கூட.
"கெட்டிக்காரப் புள்ள."
பிறகு, "விடை மீன், டீச்சர். பூஜ்யம் போடுங்க.
நீங்க ஒண்ணு போட்டா
பக்கத்து ரூம்ல இதையே எழுதி
முட்டை வாங்குன புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.
என் மேசைக்கு வந்த தாளுக்கு ஒரு நீதி,
அடுத்த மேசைக்கு வேறு என்றால்
அதுவும் ஒரு நண்டு வளைதானே.
போட்டேன்.
வட்டமான, அழகான பூஜ்யம்.

ஜூனில் பட்டியல் ஒட்டினார்கள்.
நாற்பதாவது: அஸ்கர் அலி, முத்துப்பேட்டை, எழுபத்தொன்று.
காத்திருப்போரில் முதலாவது:
எண் 417, அபிநிலா, கீழக்கடம்பூர், எழுபது.
கடைமடைக்கும் அப்பால் அந்த ஊர்.

அந்த ஒன்றைப் போட்டிருந்தால் இருவரும் சமம்.
சமமானால் மூத்தது உள்ளே, இளையது வெளியே,
அப்படி ஒரு விதி.
பிறந்த தேதிகளைப் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.

அஸ்கர்மேல் என்ன தப்பு?
கடலோரத்துப் பையன்,
மீனை அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இயக்குநருக்கு எழுதினேன், இரண்டு பக்கம், பதிவுத் தபாலில்.
எல்லாத் தாளையும் எடுங்கள்,
நண்டு என்றவர்களை எண்ணுங்கள்,
எந்தெந்த ஒன்றியம் என்று மட்டும் பாருங்கள்.

எட்டு மாதம் கழித்துப் பதில்:
"தங்கள் ஆலோசனை ஏற்கப்பட்டது.
மாணவர்களிடையே குழப்பம் விளைவிப்பதால்
வரும் ஆண்டு முதல் மேற்படி வினாவிலிருந்து
நண்டு நீக்கப்படுகிறது."

இந்த வருடத் தாள் வந்திருக்கிறது.
நத்தை, ஆமை, மீன், தவளை.
செங்கல் துண்டை எடுத்து வைத்துவிட்டு
முதல் கட்டைப் பிரிக்கிறேன்.
புள்ளிக்கோட்டைத் தேடுகிறது கண்.
அதையும் எடுத்துவிட்டார்கள்.